மரியாதைக்குச் சொன்ன ‘வேண்டாம்’

பிரிக்பீல்ட்ஸ்,
12 ஆகஸ்ட் 2024

இயேசுவுக்குப் புகழ்.

தங்கச்சி சாந்தமேரிக்கு அண்ணன் கிரிகரி எழுதுவது. இங்கே நான் சுகம். பிரஷர் மட்டும் ஏறி இறங்குகிறது. எங்கள் பிளாட்டின் லிப்டுக்கு அந்தப் பழக்கம்கூட இல்லை. உன் முட்டி வலி எப்படி என்று நம் தம்பி ரோனியிடம் கேட்டேன். ‘ஓகே லா’ என்றான். உலகம் அழிகிறதா என்று கேட்டாலும் அவன் அதைத்தான் சொல்வான். ஆகவே நீயே எழுது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முப்பதாம் நாள் பூசைச் சாப்பாட்டுக்கு நான் கேட்டரிங் பிரியாணி வரவழைத்தேன். நீ விடியற்காலை எழுந்து சமைத்தது அப்படியே இருந்தது. உடனே நீ கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, “இனிமே உங்களோட பேசுனா என் பேரு சாந்தமேரி இல்ல” என்றாய். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். ஆறு வருடமாக இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறோம். இப்போதும் நான் பேசவில்லை, எழுதுகிறேன். எழுதுவது பேசுவதாகாது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உயில் எழுதாமல் போனார். நீ தையல் கடை நடத்தி, மேலே குடியிருக்கும் அந்தக் கிள்ளான் கடைவீடு இன்றைக்கும் டெய்லர் ஆரோக்கியம் பெயரில்தான் இருக்கிறது. அப்பா இருந்தவரை அது ஒழுகுகிற கடை. அவர் கண்ணை மூடியதும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு இரண்டு மில்லியனுக்கு மேல் என்று எழுதிவிட்டார். இரண்டு மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டினால் ஹைகோர்ட். ஹைகோர்ட் என்றால் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதுவும் அந்த வீட்டின் மதிப்புக்கு ஈடான ஆஸ்தி உள்ளவர்கள். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு “எது வேணும்னாலும் கேளுங்கண்ணே” என்று அழுதவர்களை எல்லாம் தேடிப் போனேன். மஸ்ஜித் இந்தியா ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பழனியப்பன், ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டதும் மாத்திரை போடும் நேரம் என்று எழுந்து உள்ளே போனார். நான் டீயைக் குடித்து, பேப்பரைப் படித்து, கடைப் பையன்கள் ஷட்டரை இறக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த மாத்திரையை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கேள். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். போன மாதத்திலிருந்து ஐந்து மில்லியன் வரை உள்ள சொத்தை லேண்ட் ஆபீஸிலேயே பிரித்துக்கொள்ளலாம். ஜாமீன்தாரர் தேவைப்படாது என்று கவுண்டரிலேயே சொன்னார்கள். வாரிசுகள் மூவரும் ஒரு அறையில் உட்கார்ந்து அதிகாரி கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். செத்தவர் சொத்தைப் பிரிக்க இருப்பவர் செத்துப் பிழைத்த காலம் முடிந்தது.

உன் ஐசி அடையாள அட்டை நகலையும் பிறப்புச் சான்றிதழையும் அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கிரிகரி


கிள்ளான்,
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சாந்தமேரி எழுதிக்கொள்வது. முட்டி, ரோனி சொன்ன மாதிரி ஓகே லா. நீங்கள் இன்னமும் கருவாட்டை விடவில்லை என்று ரோனி மனைவி எவலின் சொன்னாள். பிரஷர்காரருக்குக் கருவாடு எதற்கு என்று கேட்க நான் யார்? கேட்கவில்லை.

எழுதுவது பேசுவதாகாது என்றால் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம், தபால்தலை மிச்சம். ஆனால் “டைப்பிங்னு காட்டுது, எதிர்ல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு” என்று குடும்ப குரூப்பை விட்டு வெளியே போன மகராசன் நீங்கள்தான். அதனால் நானும் பேனாவைத் தேடி எடுத்தேன். தையல் கடையில் சாக்கட்டி இருக்கும், கத்தரி இருக்கும், பேனாதான் இருக்காது.

சட்டம் திருந்தியது நல்லது. கூரை திருந்தவில்லை. மழை வந்தால் பிளவுஸ் துணிகளைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுகிறேன். போன மாதம் ஒரு காண்ட்ராக்டரை அழைத்தேன். “வீடு யாரு பேர்ல ஆன்டி?” என்றார். அப்பா பேரில் என்றேன். “அப்பா எங்க?” என்றார். ஒழுகுகிற இடம் வழியாக வானத்தைக் காட்டினேன். “அப்ப பேங்க் லோன் கெடைக்காது ஆன்டி” என்று சொல்லி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நகல்களை இணைத்திருக்கிறேன். வீடு கடைசியில் யாருக்கு என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
8 அக்டோபர் 2024

தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாகவே இருப்பாய், உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, காகிதமே கிழிந்திருக்கிறது.

மனு கொடுத்தாகிவிட்டது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என்னை மாமா முறை வைத்து, “பாக்சிக், முன்னால எங்க வேலை பார்த்தீங்க?” என்று கேட்டார். ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் என்றேன். “அதான், இவ்வளவு ஒழுங்கா அடுக்கியிருக்கீங்க” என்றார். உன் காதில் விழட்டும் என்று எழுதுகிறேன்.

வீடு யாருக்கு என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம், அதிகாரி முன்னால் வாயால் சொன்னால் போதும். எனக்கு இங்கே அரண்மனை மாதிரி பிளாட் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரிகிறது. உன் அண்ணி போன பிறகு ஒற்றை ஆளுக்கு இதுவே அதிகம். ஆகவே அந்த வீட்டில் எனக்கு ஆசை கிடையாது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் முறையாகக் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்பவன் அல்ல நான்.

கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

கிரிகரி


கிள்ளான்,
9 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம். தீபாவளி பிளவுஸ் என்று ஊரே என் வாசலில் நின்றது. இரண்டு வாரம் மெஷினும் நானும் ஒன்றாகவே சத்தம் போட்டோம். இடுப்பு பிடித்துக்கொண்டது, மற்றபடி சுகம்.

நான் கேட்க வேண்டுமாம். நன்றாக இருக்கிறது! மூத்தவர் நீங்கள். “இந்தா மேரி, எடுத்துக்க” என்று நீங்கள் சொல்ல வேண்டும். “ஐயோ, எனக்கெதுக்குண்ணே” என்று நான் சொல்ல வேண்டும். நீங்கள் இன்னொரு தரம் சொல்ல, நான் இன்னொரு தரம் மறுக்க, மூன்றாம் தரம் நீங்கள் கோபித்துக்கொள்ள, சரி உங்களுக்காக என்று நான் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் ஒரு வடைகூட இப்படித்தானே கைமாறியிருக்கிறது? அந்த வடையும், நாம் இரண்டு பேரும் மாறி மாறி மறுத்துக்கொண்டிருக்கும்போதே ரோனி வாய்க்குப் போய்விடும், அது வேறு கதை.

நானாக வாயைத் திறந்து “எனக்குத் தா” என்று கேட்டால் ஊர் என்ன சொல்லும்? கல்யாணமாகாதவள், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளே புகுந்து வீட்டையே விழுங்கிவிட்டாள் என்று சொல்லும். நான் கேட்க மாட்டேன்.

கருவாட்டைக் குறையுங்கள். இதுவும் கேட்பதில்லை, சொல்வது.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
3 பிப்ரவரி 2025

தங்கச்சிக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாழ்த்து. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சும்மாதான், ஒழுங்குபடுத்த.

விசாரணை பிப்ரவரி 26, புதன்கிழமை காலை, உங்கள் ஊர் லேண்ட் ஆபீஸில். நான் ரயிலில் வந்துவிடுவேன்.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவன் என்ற முறையில் என்னை முதலில் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அடுத்து உன்னைக் கேட்பார்கள். நீ உடனே வேண்டும் என்று பாய்ந்துவிடாதே. சொத்துக்கு அலைகிற கூட்டம் என்று அரசாங்க அதிகாரி நம்மை நினைக்கக் கூடாது. ஒரு தரம் மரியாதைக்கு வேண்டாம் என்று சொல். அதன் பிறகு வழக்கப்படி நடக்க வேண்டியது நடக்கும்.

அங்கே ஏசி குளிரும். முட்டிக்கு ஏதாவது சுற்றிக்கொண்டு வா.

கிரிகரி


கிள்ளான்,
27 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நேற்று நடந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள். என் கண்ணால் எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். அந்தப் பெண் அதிகாரி, அந்தப் புவான், முதலில் உங்களைக் கேட்டார். நீங்கள் பந்தியில் பாயசத்தைத் தள்ளுகிற மாதிரி கையை ஆட்டி, “தா பாயா, புவான்” என்றீர்கள். தேவையில்லையாம்! நல்ல அழகு. அடுத்து என்னைக் கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நானும் “தா பாயா” என்றேன். சொல்லிவிட்டு, காத்திருந்தேன்.

இதோ சொல்லப் போகிறார், “அட, எடுத்துக்க மேரி” என்று இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இருமினேன். நீங்கள் காலண்டரில் அடுத்த மாதத்தைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். அந்தப் பெண் என்ன செய்வார், பாவம்? நாம் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்.

பிறகு ரோனியைக் கேட்டார். “அண்ணனும் அக்காவும் பங்கு வேண்டாம் என்கிறார்கள். முழு வீட்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளச் சம்மதமா?” அவன் என்ன சொன்னான்?

“ஓகே லா.”

அப்பா வாங்கிய வீடு. ஒரு ஓகே லாவில் போய்விட்டது. வடை போன மாதிரியே போய்விட்டது.

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
5 மார்ச் 2025

தங்கச்சிக்கு,

நீ நலமாக இல்லை என்பது தெரிகிறது. நானும் இல்லை. பிரஷர் மாத்திரையை டாக்டர் கூட்டிவிட்டார்.

நான் எப்படிச் சொல்வேன்? “எடுத்துக்க மேரி” என்று சொன்னால் பேசியதாகிவிடாதா? உன்னை வற்புறுத்த வேண்டுமென்றால் உன்னோடு பேச வேண்டும். பேசினால் ஆறு வருடச் சபதம் போச்சு. அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது. நீயாவது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டியிருக்கலாம். நீ இருமினாய். நான் உனக்குச் சளி என்று நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் குறை சட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு நல்ல திருத்தம் கொண்டுவந்த பெரியவர்கள் நம்மவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. வாரிசு வேண்டாம் என்று சொன்னால், அதிகாரி இன்னும் இரண்டு முறை கேட்ட பிறகே பதிய வேண்டும் என்று ஒரு விதி சேர்த்திருக்க வேண்டும். முடிந்தால் மூன்றாம் முறை கொஞ்சம் கோபமாகவும் கேட்க வேண்டும். இதை அமைச்சுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கம்.

ஒரு நல்ல செய்தி. உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னதற்கு நம் ரோனி ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். “ஃபாதர் சைன் பண்ணியிருக்காரு, பத்தாதா?” என்று கேட்டானாம். அதனால் மே 14-க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவனுடைய புத்திக்காக வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

கிரிகரி


கிள்ளான்,
18 மார்ச் 2025

அண்ணனுக்கு,

இருக்கிறேன்.

நேற்று எவலின் வந்தாள். கையில் அளவு நாடா. தையல்காரி வீட்டுக்கே அளவு நாடா கொண்டு வந்தவள் அவள்தான். முன்பக்கம் பபிள் டீ கடைக்கு விட்டால் நல்ல வாடகை வருமாம். “அக்கா, நீங்க எங்கயும் போக வேணாம், பின்னால ஸ்டோர் ரூம்ல மெஷினைப் போட்டுக்கலாம், ஃபேன் மாட்டித் தரேன்” என்றாள். நல்ல பெண்தான், மனதில் கள்ளம் கிடையாது. அவளே அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்து வந்து, “உக்காருங்கக்கா” என்றாள்.

என் அடுப்பு, என் கப், என் நாற்காலி. என்னை உட்காரச் சொல்கிறாள். உட்கார்ந்தேன். டீயைக் குடித்தேன். அவள் போன பிறகு அழுதேன். அப்பா செத்தபோதுகூட சமையல் வேலையில் அழ நேரமில்லாமல் போனவள் நான். நேற்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது அண்ணே. இருந்தாலும் போகப் பிடிக்காது. இதைக் கேட்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாந்தமேரி


சுங்கை வே,
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரோனி எழுதுறேன். எல்லாரும் சௌக்கியம். எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா திருத்திப் படிங்க. வாட்ஸ்அப்ல போட்டா எவலின் பார்த்துடுவா, அதான் இது.

அக்கா, நான் பேராசைக்காரன் இல்ல. நீங்களும் அண்ணனும் மாசக்கணக்கா லெட்டர் எழுதிக்கிட்டிருக்கீங்க, எல்லாம் பேசி முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லிட்டீங்க. வீட்ட அநாதையாவா விட முடியும்? அதான் ஓகேன்னேன்.

போன வாரம் நானே லேண்ட் ஆபீஸ் போயி அந்தப் புவானப் பார்த்தேன். இந்தத் தடவ பொறந்த சர்டிபிகேட்டும் கொண்டு போனேன். நான் திருப்பிக் குடுக்கலாம், ப்ராப்ளம் இல்லன்னு சொன்னாங்க. ஆனா யாருக்கு வேணுமோ அவங்களே வாயத் தொறந்து வேணும்னு சொல்லணுமாம். வேற யாரும் அவங்களுக்காகச் சொல்ல முடியாது. அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணன் வற்புறுத்தட்டும்னு காத்திருக்காதீங்க. எவலினை நான் சமாளிச்சுக்கிறேன். மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும் லா.

இன்னொன்னு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அண்ணன் இருக்கிற பிளாட்ட ஓனர் வித்துட்டாரு. ஜூனுக்குள்ள காலி பண்ணணும். பெட்டி எல்லாம் கட்டி வச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்திருக்காரு. எங்க வீட்டுக்கு வந்திடுங்கன்னு சொன்னேன். வேணாம்னாரு. நான் மூணு தடவ கேட்டேன்கா. சத்தியமா.

தம்பி,
ரோனி


பிரிக்பீல்ட்ஸ்,
28 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அந்த டீயைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. உன்னை அந்த வீட்டிலிருந்து எவன் எழுப்புகிறான் என்று பார்க்கிறேன். ஸ்டோர் ரூமாம், ஃபேனாம்!

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மே 14 அன்று நான் உன்னோடு பேச மாட்டேன். அதிகாரியிடம் சொல்வேன், அவர் உன்னிடம் சொல்வார். நீ அவரிடம் மறுக்கலாம். அவர் என்னிடம் சொல்வார். மூன்றாம் தரம் சொன்னதும் நீ ஏற்றுக்கொள். மரியாதையும் கெடாது, சபதமும் கெடாது, வீடும் வரும். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் சரக்கு அனுப்பியவனுக்கு ஒரு வார்த்தையைச் சுற்றுப் பாதையில் அனுப்பத் தெரியாதா?

என் நலத்துக்குக் குறைவில்லை. பிளாட் அப்படியே இருக்கிறது.

கிரிகரி


கிள்ளான்,
16 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

நீங்கள் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். வேலை முடிந்ததும் ரோனி உங்களைக் காரில் ஏற்றி ரயிலுக்கு அனுப்பிவிட்டான், வழியில் ‘ஓகே லா’வைத் தவிர ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அதனால் மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும்.

உங்கள் சுற்றுப் பாதைத் திட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நீங்கள் புவானைப் பார்த்து, “வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி என் தங்கச்சியிடம் சொல்லுங்கள்” என்றீர்கள். அவர் என்னிடம் திரும்பிச் சொன்னார். “மூத்தவர் இருக்கும்போது எனக்கெதற்கு என்று அண்ணனிடம் சொல்லுங்கள்” என்றேன். அவர் உங்களிடம் திரும்பினார். இரண்டாம் சுற்றில், “பாக்சிக், ஆன்டி, நீங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். ரோனி அவரிடம், “புவான், இது எங்க கல்ச்சர்” என்றான். அவர் பொறுமைசாலி, மூன்றாம் சுற்றுக்கும் வந்தார்.

மூன்றாம் தரம் நான் சரி என்று சொல்ல வேண்டும். சத்தியமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், “வேண்டாம்” என்று வந்துவிட்டது. என் வாயை நானே அடிக்கலாம் போல இருந்தது. அப்போதுதான் நீங்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, அந்த ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினீர்கள்.

“அடியே மேரி, எடுத்துக்கடி! ஒனக்கு வேணும்னு ஊருக்கே தெரியும்!”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று கதவைத் திறந்து போய்விட்டீர்கள். அண்ணே, ஆறு வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை ‘அடியே.’ எனக்கு அது போதும்.

“என்ன சொன்னார்?” என்று புவான் ரோனியைக் கேட்டார். “ஓகேன்னு சொன்னாரு லா” என்றான்.

அவர் பேனாவை மூடி வைத்தார். என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். “ஆன்டி, அண்ணன் சொன்னதற்காக இல்லை, தம்பி கொடுப்பதற்காக இல்லை. இந்த வீடு உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதே இல்லை அண்ணே. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார்கள், இருப்பது போதும் என்பேன். இந்த மாப்பிள்ளை பிடிக்கிறதா என்று அப்பா கேட்டார், உங்கள் இஷ்டம் என்றேன், அவருக்கு இஷ்டமில்லை, அதோடு போயிற்று. அறுபத்திரண்டு வயதில் நான் எதையாவது வேண்டும் என்று சொன்னேனா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“வேணும்” என்றேன். தமிழில் சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்? “மாவ்” என்று மலாயில் சொன்னேன். பதிவுக்காக இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். அண்ணே, நான் கத்தினேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். ரோனி கையெழுத்துப் போட்டான். உங்கள் பங்கைத்தான் போன தடவையே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். உத்தரவு வந்துகொண்டிருக்கிறது. வீடு எனக்கு.

இப்போது வீட்டுக்காரியாக ஒரு விஷயம். மேல் மாடி முன் அறை காலியாக இருக்கிறது. உங்கள் பிளாட்டை விற்றுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், நமக்கு இருப்பது ஒரே தம்பி. தங்க இடமில்லாமல் இருந்துகொண்டு, அரண்மனை மாதிரி பிளாட் என்று எழுதி, அதிகாரி முன்னால் பங்கும் வேண்டாம் என்று கையை ஆட்டிய உங்களை என்ன சொல்வது?

இங்கே வந்து என்னோடு இருங்கள். எனக்கும் வயதாகிறது, ராத்திரியில் வீடு பெரிதாக இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். நீங்கள் மரியாதைக்கு வேண்டாம் என்று எழுதினால், அந்தப் புவான் மாதிரி அப்படியே பதிந்துகொண்டு, மறுநாளே அறையை வாடகைக்கு விட்டுவிடுவேன். மலர்விழி டீச்சர் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்,
சாந்தமேரி


கிள்ளான், உன் கடை வாசல்,
19 மே 2025

மேரி,

வேணும்.

இதைத் தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் அந்த டீச்சர் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று முதல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே மெஷின் ஓடுகிறது. மேரி, மேரி என்று எத்தனை தடவை கூப்பிட்டுவிட்டேன், உனக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அவரிடமே காகிதம் வாங்கி எழுதி, ஷட்டருக்கு அடியில் தள்ளுகிறேன்.

மெஷினை நிறுத்து. கதவைத் திற.

அண்ணன்